வண்டூர் ரோட்டில் ஓர் ஊருணி

அந்தமானின் பாம்பூஃப்ளாட்டில் ஃபெர்ரி ஏறினால் போதும், யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "அண்ணா, மெயின்லேண்ட் கப் ஜா ரஹே ஹோ?" மெயின்லேண்டுக்கு, அதாவது கடல் தாண்டி ஊருக்கு, எப்போது போகிறாய் என்று அர்த்தம். என் தோளில் வயர் சுருள் தொங்கும், கையில் டிரில்லிங் மெஷின் இருக்கும். எதிரே இருக்கும் சாத்தம் கரைக்கு வேலைக்குப் போகிறேன் என்று கண்ணுக்கே தெரியும். ஆனாலும் கேட்பார்கள். கெட்ட எண்ணமில்லை, சாப்பிட்டாயா என்று கேட்கிற மாதிரிதான். எனக்குத்தான் எரியும். இருபது வருஷத்துக்கு மேல் இந்தத் தீவில் வயரிங் கான்ட்ராக்ட் எடுத்துப் பிழைக்கிறேன். என் மகள் இங்கே பிறந்தவள், தமிழைவிட இந்தியை வேகமாகப் பேசுகிறாள். அப்படியும் நான் கிளம்பப்போகிற ஆள்தான். சரி என்று ராமநாதபுரம் பக்கம் சொந்த ஊரில் போய் இறங்கினால், டீக்கடையில் கேட்கிறார்கள்: "அந்தமான்காரரு வந்துட்டாரே, எப்பப் பயணம்?"

சுரேந்தரை இப்படி யாரும் கேட்க மாட்டார்கள். அவர் லோக்கல். இங்கே அந்தச் சொல்லுக்குத் தனி எடை உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் கைதியாகக் கப்பலில் வந்து, தண்டனை கழிந்து, நிலம் வாங்கி, இங்கேயே கல்யாணம் கட்டி உட்கார்ந்தவர்களின் வாரிசு. வண்டூர் போகும் வழியில் ஒரு டிக்ரியில் அவர் வீடு. டிக்ரி என்றால் மேட்டு நிலம். வந்த புதிதில் ஒருவர் "டிக்ரி இருக்கிறதா?" என்று கேட்க, ஐ.டி.ஐ.தான் படித்திருக்கிறேன் என்று சொல்லி ஒரு கடை முழுவதையும் சிரிக்க வைத்தவன் நான். படிப்பும் இல்லை, மேடும் இல்லை. இன்றுவரை வாடகை வீடு.

சுரேந்தர் தன் வீட்டோடு சேர்த்துச் சுற்றுலாக்காரர்களுக்கு இரண்டு அறை கட்டினார். வயரிங் என்னிடம் வந்தது. முதல் நாள் கூடத்துக்குள் நுழைந்ததும் சுவரில் ஒரு பெரிய ஃப்ளெக்ஸ். நம் ஊரில் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் அடிக்கிற அதே ஃப்ளெக்ஸ்தான். அதில் அச்சாகியிருந்தது ஒரு பழைய சர்வே வரைபடம். ஏதோ ஒரு வெளிநாட்டு நூலகம் இணையத்தில் போட்டிருந்ததை அவர் மகள் பெங்களூரிலிருந்து இறக்கி அனுப்பியிருக்கிறாள். மேடு, ஓடை, நெல்வயல் எல்லாம் மயிரிழைக் கோடுகளில். நடுவே ஒரு சின்னச் சதுரம், நீலத்தில். சுரேந்தர் அதன்மேல் விரலை வைத்தார்.

"அண்ணா, இத பாரு. ஏ மேரா பர்தாதா வெட்டின குளம். இப்பவும் பின்னாடி இருக்கு." பர்தாதா என்றால் கொள்ளுத்தாத்தா. சந்தையில் கற்ற தமிழ் அவருடையது. எல்லோரையும் நீ என்றுதான் சொல்வார்.

அந்தக் கொள்ளுத்தாத்தா யாரையோ வெட்டிப்போட்டு வந்தவர் என்று அவர்களே சிரித்துக்கொண்டு சொல்கிறார்கள். எந்த ஊர்க்காரர் என்று மட்டும் தெரியாது. குளத்துக்குப் பெயர் ஓட்னி. ஓட்னி என்றால் இந்தியில் முக்காட்டுத் துணி. கொள்ளுப்பாட்டியின் முக்காடு அதில் விழுந்ததாம், அதனால் அந்தப் பெயராம். இந்திச் சொல் என்பதால் கொள்ளுத்தாத்தா பீகார்க்காரராக இருக்கவேண்டும் என்று முடிவுகட்டி, பீகாரின் பழைய வரைபடங்களை ஒவ்வொன்றாக இறக்கி ஓட்னி என்றொரு கிராமம் தேடிக்கொண்டிருந்தார் மனிதர். விடுதிக்கும் அந்தப் பெயர்தான், போர்டு எழுதக் கொடுத்தாயிற்று.

நீலச் சதுரத்தின் கீழ் இருந்த ஆங்கில எழுத்தை எழுத்துக் கூட்டிப் படித்தேன். இரண்டு ஓ, ஓர் ஆர், ஏ, என், ஒய். "வெள்ளைக்காரன் ஸ்பெல்லிங் கலத், அண்ணா" என்றார் சுரேந்தர். தப்பாக எழுதிவிட்டானாம்.

அவன் தப்பாக எழுதவில்லை. காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருக்கிறான். ஊரணி. புத்தகத்தில் ஊருணி என்று எழுதுவோம், வாயில் ஊரணிதான். இந்தி வாயில் அது ஓட்னி ஆகியிருக்கிறது. எங்கள் பக்கத்தில் வயலுக்குக் கண்மாய், குடிக்க ஊருணி. தஞ்சாவூர்க்காரன் குளம் என்றிருப்பான். அந்தமானில் ஒரு மேட்டில் குழி வெட்டி அதை ஊரணி என்று சொன்னவன் எங்கள் சீமைக்காரன். சந்தேகமே இல்லை.

நான் வாயைத் திறக்கவில்லை. பொறாமைதான், வேறென்ன? என் ஆட்கள் யாரையும் வெட்டவில்லை, திருடவில்லை. அடுத்தவன் நிலத்தில் குனிந்து வேலை பார்த்தார்கள், செத்தார்கள். அவர்களைப் பற்றி ஒரு கோடு கிடையாது. வெட்டியவன் வெட்டிய குளத்தைச் சர்வேக்காரன் வந்து அளந்து நீலம் தடவியிருக்கிறான். இந்தத் தீவு முழுக்க இவருக்கு. இனி என் சீமையையும் தூக்கிக் கொடுக்கவேண்டுமா?

வீட்டில் செல்வியிடம் சொன்னேன். என் மனைவிக்குச் சிரிப்பு. "சொல்லிட்டு வாங்க. ஊரணியச் சுருட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டா போயிருவாரு?"

"ஏற்கெனவே சுருட்டிச் செவுத்துல மாட்டிட்டாங்கடி."

"அப்பன்னா நீங்க பேசாம வயர இழுங்க."

வயரை இழுத்தேன். கடைசி வேலை போர்டுக்கு விளக்குப் போடுவது. ஓட்னி என்று சிவப்பில் எழுதிச் சுற்றிப் பூப்போட்டிருந்தார்கள். அந்தத் தப்புக்கு வெளிச்சம் போடவேண்டியவன் நான். கருணையால் இல்லை, கோபத்தால்தான் சொன்னேன்.

"ஜி, இது ஓட்னி இல்ல. ஊரணி. எங்க ஊர்ப் பேச்சு."

"மத்லப்?" என்றார் சுரேந்தர். அப்படியென்றால் என்ன என்று கேட்டார்.

"குடிதண்ணிக் குளம். அதுல குளிக்கக் கூடாது. மாடு இறக்கக் கூடாது. கால் படவே கூடாது. சர்வேக்காரன் சரியாத்தான் எழுதியிருக்கான், நீங்கதான் பீகார்ல தேடிக்கிட்டு அலையுறீங்க."

அவர் சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். ஏணியைப் பிடித்தபடியே உள்ளே பார்த்து மனைவியைக் கூப்பிட்டார். "கீதா! சுனோ! கால் வைக்கக் கூடாதாம்!" என் பக்கம் திரும்பினார். "அண்ணா, சின்னப் பையன்ல நாங்க அதுல கால் வெச்சா எங்க தாதா, அதான் தாத்தா, பெல்ட்ல அடிப்பாரு. ஏன்னு கேட்டா தெரியாதும்பாரு. அவரோட அப்பா அவர அடிச்சாரு, அவ்ளோதான்."

பாஷை போயிருக்கிறது. சாதி, ஊர், பெயர் எல்லாம் போயிருக்கின்றன. அடி மட்டும் இறங்கி வந்திருக்கிறது, அதோடு எங்கள் ஊர் முறையும்.

அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. போனில் ராமநாதபுரம் பக்கத்துப் பழைய வரைபடத்தைத் தேடி எடுத்து, "உன் ஊரைக் காட்டு, நம்ம ஊரைக் காட்டு" என்றார். நம்ம ஊராம்! பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஜமீன் அரண்மனை இருந்தது. ரோடு இருந்தது. எங்கள் கண்மாய்கூட வளைந்து கிடந்தது. அதன் கரையில் எங்கள் குடியிருப்பு இருக்கவேண்டிய இடத்தில் வெறும் தாள். ஊருணியும் இல்லை. "சின்ன ஊர், விட்டிருப்பான்" என்று சுரேந்தர் சமாதானம் சொன்னார். அந்தச் சமாதானம்தான் எனக்கு ஆகவில்லை.

பெரியப்பா மகன் முருகேசன் அண்ணனுக்குப் போன் போட்டேன். "அண்ணே, நம்ம ஊரணி எப்படிண்ணே கெடக்கு?"

"எந்த ஊரணி? அத மூடிச் சமுதாயக்கூடம் கட்டி எம்புட்டு நாளாச்சு. ஏம்ப்பா, அங்க தண்ணி கிண்ணி இல்லையா?"

மறு வாரம் புதுப் போர்டு. இந்தியில் ஒரு வரி, கீழே தமிழில் நானே பென்சிலால் எழுதிக்கொடுத்து பெயின்டர் தீட்டிய ஊருணி. அந்த மேட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன். விளக்கை மாட்டி முடித்தபோது மழை விட்டிருந்தது. முழங்கால் வரை செம்மண் சேறு. ஃபெர்ரிக்கு நேரமாகிறதே என்று பின்பக்கம் போய், சேற்றைக் கழுவச் செருப்பைக் கழற்றிவிட்டுக் குளத்துப் படியில் இறங்கினேன். நினைப்பு வேறெங்கோ இருந்தது.

மேலேயிருந்து சுரேந்தர் கத்தினார். "அண்ணா! கால் வெக்காதே! ஊரணி!"

ஒரு கால் படியில் நின்றது. இன்னொரு கால் தண்ணீருக்கு மேலே, சேறு சொட்டச் சொட்ட, அந்தரத்தில் நின்றது.