ஈயம் பூசப் போன போசிகள்

தம்பிதுரைக்குச் சோறு வேண்டுமென்றால் நாயிடம்தான் சொல்வார்.

"டே மணி, அவளைச் சோத்தைப் போடச் சொல்லுடா."

பெண்டாட்டி செல்லாத்தாள் இரண்டடி தள்ளி, கையில் கரண்டியோடு நின்றிருப்பாள். நாய் வாலை ஆட்டும். அவள் போடுவாள். குழம்பு பிடிக்கவில்லையென்றால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விடுவார். உப்பா, புளியா, சூடு பத்தவில்லையா, எதுவும் சொல்லமாட்டார். அதைக் கண்டுபிடிப்பது அவள் பாடு. கண்டுபிடிக்கும்வரை நேராகப் பேச்சு கிடையாது. ஒருதரம் சித்திரையில் நின்ற பேச்சு ஆடி முடிந்துதான் திரும்ப வந்தது. அன்றைக்கு என்ன தப்பு செய்தாள் என்று இதுவரைக்கும் அவளுக்குத் தெரியாது.

மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு மண்டி வைத்திருந்த மனுஷன். ஊரில் ஒருத்தரும் குறை சொல்லமாட்டார்கள். குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை, பெண்டாட்டி மேல் கை நீட்டியதும் இல்லை. அதுதான் அவளுக்கு வினையாக வந்தது. பிறந்த வீட்டுக்குப் போய் அழுதபோது அண்ணன் ஒரே கேள்விதான் கேட்டார்.

"அடிச்சாரா?"

"இல்லீங்கண்ணா."

"அப்பறம் என்ன அம்மணி? போ, போயி பொழப்பைப் பாரு."

அடி விழுந்தால் முதுகைக் காட்டலாம். நாய் வழியாக வந்த பேச்சை எங்கே காட்டுவது?

வீட்டுக்கு ஒறம்பரை, விருந்தாளி என்று யாராவது வந்தால் மட்டும் தம்பிதுரைக்கு வாய் நன்றாகத் திறக்கும். "எங்கூட்டுல வாயில்லாத சீவன் ரெண்டு இருக்குதுங்க. அதுல ஒன்னுக்கு மணின்னு பேரு" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். காப்பித் தட்டைப் பிடித்துக்கொண்டு அவளும் சிரிக்க வேண்டும்.

தொண்ணூற்றைந்தாம் வருஷம் தை மாதம், ஒரு கல்யாணத்தில் பாப்பாயியைப் பார்த்தாள். இருவரும் ஒரே ஊரில் பாவாடை கட்டி விளையாடியவர்கள். பாப்பாயி புருஷனை இழந்து, சரவணம்பட்டியில் ஒரு காலேஜ் பெண்கள் ஹாஸ்டலில் சமைத்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த வருசம் ஆனியில எங்கூடச் சமைக்கறவ வேலைய உட்டு நின்னுக்கறா. பொறத்தால ஒரு ரூமும் இருக்குது. வாரியா?" என்று பந்தியில் சும்மா கேட்டு வைத்தாள்.

"வாரேன்" என்றாள் செல்லாத்தாள்.

பாப்பாயி அப்பளத்தைக் கடித்தபடி சிரித்தாள். பக்கத்தில் சிரிப்புச் சத்தம் வரவில்லை என்றதும் திரும்பிப் பார்த்தாள்.

"நெசமாவா சொல்றே?"

நாற்பத்தாறு வயதில் முதல்தரமாக அவளுக்கு ஒரு கெடு கிடைத்தது. ஒன்றரை வருஷம். அந்த வீட்டில் தம்பிதுரையுடையது ஒன்றும் வேண்டாம் என்று முடிவு செய்தாள். அவளுடையது என்று சொல்லிக்கொள்ள ஒன்பது பித்தளைத் தூக்குப்போசிகள்தான் இருந்தன, மூடி போட்ட தூக்குப்பாத்திரங்கள். கல்யாணச் சீரில் அப்பா கொடுத்தவை. ஒவ்வொன்றின் கழுத்திலும் 'செல்லாத்தாள்' என்று பேர் வெட்டியிருந்தது. அந்த வீட்டில் அவள் பேர் இருந்தது அங்கே மட்டும்தான்.

மாதம் ஒருதரம் ஈயம் பூச வருகிற மைதீன் பிச்சை சரவணம்பட்டிக்காரர். அந்த ஹாஸ்டல் அண்டாக்களுக்கும் அவர்தான் பூசுவார். ஒரு போசியை எடுத்து வந்து வாசலில் வைத்தாள்.

"ஏனுங் அம்மணி, போன மாசந்தான பூசிக் குடுத்தேன்? மொகம் பாக்கலாமாட்ட இருக்குது."

"இன்னொருக்காப் பூசுங்க பாய். பூசி, பாப்பாயிகிட்டக் குடுத்துருங்க. அங்கயே இருக்கட்டும்."

அவர் அவளைப் பார்த்தார். உள்ளே நாயிடம் காப்பி கேட்கிற குரல் கேட்டது.

"எனக்கு ஒன்னுந் தெரியாதுங்" என்று சொல்லிப் போசியைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டார்.

மாதம் ஒன்று என்று போசிகள் போயின. சோற்றில் ஒரு கல் கிடந்தால் ஒரு வாரம் முகத்தைத் திருப்புகிற மனுஷனுக்கு, அலமாரி காலியாவது கண்ணில் படவில்லை. ஐப்பசிக்குள் எட்டு போய்விட்டது. ஒன்பதாவதைத் தன்னோடு கொண்டுபோக வைத்துக்கொண்டாள். அடுத்த தையில்தான் போத்தனூரிலிருந்து சேதி வந்தது. கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து மகள் சாந்தாமணி முழுகாமல் இருக்கிறாள்.

செல்லாத்தாள் சாமிக்கு விளக்கு வைத்து அழுதாள். அந்தச் சந்தோஷத்தில் ஒன்றை மறந்துவிட்டாள். ஏழாம் மாதம் கட்டுச்சோறு கொண்டுபோக வேண்டும். புளிச்சோறு, தயிர்ச்சோறு என்று ஏழு வகை ஆக்கி, தாய்வீட்டுப் போசியில் எடுத்துப்போய், சம்மந்தி வீட்டில் விருந்து வைத்து, பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்து வருவது முறை. எந்தத் தாயும் மறக்காத விஷயம். பெண் வயிற்றுப் பிள்ளையை நினைத்தவள் போசியை நினைக்கவில்லை.

வைகாசியில், விருந்துக்குப் பத்து நாள் முன்னதாக உதவிக்கு என்று வந்த தம்பிதுரையின் அக்காள் அலமாரியைத் திறந்தாள்.

"ஏன்டி, ஒன்னுதான் கெடக்குது? மீதி எங்கடி?"

"ஈயம் பூசப் போயிருக்குதுங் நங்கை."

"எட்டுமா? தம்பி! இங்க வந்து பாரு, உம்பொண்டாட்டி கூத்தை!"

தம்பிதுரை வந்தார். அலமாரியைப் பார்த்தார். பல மாதம் கழித்து முதல்தரமாக அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"எங்கடி வெச்சிருக்கறே?"

பொய் சொல்லத்தான் வாயெடுத்தாள். நேராக வந்த பேச்சுக்கு நேராகத்தான் பதில் வந்தது.

"சரவணம்பட்டிலீங். ஆனி பொறந்தா நானும் அங்கதான் போறனுங்."

அவர் நாய் பக்கம் குனிந்தார்.

"டே மணி, போறவளை இப்பவே போகச் சொல்லு."

ஒன்பதாவது போசியைத் தூக்கிக்கொண்டு மத்தியானப் பஸ்ஸில் ஏறினாள்.

ஹாஸ்டல் முக்கில் இருந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்து மகளைக் கூப்பிட்டாள். அந்தப் பக்கம் அழுகைதான் முதலில் வந்தது.

"இருவத்தேழு வருசம் இருந்தவளுக்கு இன்னும் நாலு மாசம் பொறுக்க முடியலியாம்மா? என்ற மாமியா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

ஆனாலும் செல்லாத்தாள் கட்டுச்சோற்றை விடவில்லை. பாப்பாயியும் அவளும் விடியுமுன்னே எழுந்து ஹாஸ்டல் அடுப்பில் ஏழு வகை ஆக்கினார்கள். ஏழு போசியோடு இரண்டு பஸ் மாறிப் போத்தனூரில் இறங்கினார்கள்.

வாசலில் தம்பிதுரையின் கார் நின்றது. கூடத்தில் புது எவர்சில்வர் போசிகள் வரிசையாக இருந்தன. ஆள் வைத்து ஆக்கிய சோறு. அக்காள்காரி பரிமாறிக்கொண்டிருந்தாள்.

சம்மந்தி முத்தாத்தாள் எழுந்து வந்தாள். குரலில் துளி கோபமில்லை.

"வாங்க சம்மந்தி, உள்ள வாங்க. காப்பி குடிச்சுப்போட்டுப் போங்க. தப்பா நெனச்சுக்காதீங்க, புள்ளையைத் தாய்வீட்டுக்குத்தானுங்க அனுப்பறது? ஹாஸ்டலுக்கு எப்படிங்க அனுப்பறது?"

தாய் இங்கே நிற்கிறாள், தாய்வீடு மேட்டுப்பாளையத்தில் இருக்கிறதாம். செல்லாத்தாள் காப்பியைக் குடித்தாள். சாந்தாமணி அக்காள்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு, தாய் பக்கம் திரும்பாமல் காரில் ஏறினாள். மூடி திறக்காத ஏழு போசியும் பஸ்ஸேறித் திரும்பி வந்தன. பரீட்சைக்குத் தங்கியிருந்த பிள்ளைகள் சாயங்காலம் சப்புக்கொட்டிச் சாப்பிட்டார்கள். "என்ன விசேஷம் ஆன்ட்டி?" என்றார்கள். "பேரப்புள்ளை வரப்போவுது" என்றாள்.

ஆவணியில் ஆண்பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரியில், பார்க்க வந்தவர்களிடம் தம்பிதுரை, "பாத்திரத்தோட ஓடிப்போனவ அவதானுங்க" என்று அவளைக் காட்டினார். அப்போது பிள்ளை அவள் கையில் இருந்தது. அது ஒரு தும்மல் தும்மியது. இத்தனூண்டு மூக்கில் இத்தனை பெரிய தும்மலா என்று அவள் சிரித்த சிரிப்பில், அவர் சொன்னது பாதிதான் காதில் விழுந்தது.

நாற்பது நாள் போயிருக்கும். ஹாஸ்டலில் மத்தியானச் சோறு முடிந்த நேரம். பின்கட்டு வாசலில் பிள்ளையை மார்பில் அணைத்தபடி, தோளில் ஒரு பையோடு சாந்தாமணி நின்றாள்.

"என்ன கண்ணு, தனியாவா வந்தே?"

மகள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா எங்கூடப் பேசிப் பன்னண்டு நாளாச்சு. ஏன்னு தெரியல. புள்ளை அழுதா, 'டே மணி, அதை நிறுத்தச் சொல்லு'ங்கறாரு. எனக்குத் தலையே சுத்துதும்மா."

சொல்ல வேண்டியது செல்லாத்தாள் வாய் நிறைய இருந்தது. இருபத்தேழு வருஷத்துப் பேச்சு. அவள் அடுப்பிலிருந்த வெந்நீரைப் போசியில் ஊற்றி, விளாவி, காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"புள்ளையைக் குடு. ஒடம்பெல்லாம் வேர்வை."

பிள்ளை காலில் கிடந்து, கையை முறுக்கிக்கொண்டு கொட்டாவி விட்டது. முதல் கை தண்ணீர் விட்டதும் கண்ணை உருட்டி அவளையே பார்த்தது.

"அன்னிக்கு நான் திரும்பிக்கூடப் பாக்குலியேம்மா" என்றாள் மகள்.

"தலையைப் புடி. காதுல தண்ணி போயிரும்."

தலையைப் பிடித்துக்கொண்டே சாந்தாமணி சொன்னாள்.

"ஞாயித்துக்கெழமை போத்தனூரு போயிருவேன். மாமியாகிட்ட மட்டும், அப்பா ஊட்டுல இருந்துதான் வாரேன்னு சொல்லிக்கறேன். சரியாம்மா?"

செல்லாத்தாள் நிமிரவில்லை. போசியைச் சாய்த்து, கண்ணில் படாமல் நெற்றிக்குக் கையைக் குறுக்கே வைத்துத் தண்ணீர் விட்டாள்.

"சரி கண்ணு. சொல்லிக்க."