பதினேழாம் நம்பர் கரடி

"பதினேழாம் நம்பர் கரடி ரொம்பக் கஷ்டத்துல இருக்குதும்மா. மலைக்கு உடனே லெட்டர் போடு" என்றார் ஏகாம்பரம் சார். அந்தக் கரடி அவர்தான்.

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடை மாடியில் எங்கள் லேப். சார் தலைவர், நான் சீனியர் டெக்னீஷியன். ஜவ்வாது மலையில் கட்டிய முள்கம்பியில் கரடி உரசிப் போகும்போது சிக்கும் முடியை வனத்துறையினர் கவரில் போட்டு அனுப்புவார்கள். அதைக் கழுவி, அரைத்து, ஈயமும் பாதரசமும் எவ்வளவு, கார்டிசால் என்கிற மன அழுத்த ஹார்மோன் எவ்வளவு என்று பார்ப்பது என் வேலை.

சாம்பிள் மேஜை அருகே நின்று தலை வாருவது சாரின் பழக்கம்.

"முடி விழுது சார். சாம்பிள்ல கலந்துடும்."

"கரடி முடி எது, என் முடி எதுன்னு எனக்குத் தெரியாதாம்மா?"

தெரிகிறதா என்று பார்க்க ஆசை வந்துவிட்டது. அவர் சீப்பிலிருந்து ஒரு வாரம் முடி சேர்த்தேன். வேர்ப் பக்கம் தனி, நுனிப் பக்கம் தனி என்று வெட்டி, கவரில் 17 என்று எழுதி, மற்றவற்றோடு மெஷினில் ஓட்டினேன்.

நுனியில் கார்டிசால் எகிறியிருந்தது. முடி மாதம் ஒரு சென்டிமீட்டர் வளரும்; நுனி சில மாதம் முந்தைய கதை, வேர் இப்போதைய கதை.

"மூணு மாசம் முன்னாடி எதுலயோ மாட்டிக்கினு தவிச்சிருக்குது, பாவம். ஈயம் வேற" என்றார் சார். அப்புறம்தான் அந்த லெட்டர் பேச்சு.

"சார்... அது கரடி இல்ல. உங்க சீப்பு."

அவர் கை தானாகத் தலைக்குப் போனது. "அப்ப ஈயம்?"

"நீங்க தலைக்கு அடிக்கிற டை சார்."

திட்டுவார் என்று நின்றேன். அவர் ரிசல்ட் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பதாம்மா வீட்ல அவளுக்கு ஆபரேஷன். தினம் சென்னைக்குப் போயிட்டு வந்துக்கினு இருந்தேன். இங்க யாருக்கும் சொல்லல."

"இப்ப எப்படி இருக்காங்க சார்?"

"நல்லா இருக்குறா. வேர்ப் பக்கம் பாரு, இறங்கியிருக்குது இல்ல?"

மன்னிப்புக் கேட்டேன். பதிவேட்டில் 17க்கு நேராக 'மனிதர், தள்ளுபடி' என்று அவரே எழுதினார். பிறகு இருவரும் பத்து நாள் உட்கார்ந்து பழைய கவர்களை எல்லாம் மைக்ராஸ்கோப்பில் பார்த்தோம். இரண்டில் டை அடித்த முடி கிடைத்தது. சீப்பு வீட்டுக்குப் போனது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கரடியிடம் கேட்க வழியில்லை, அதனால் முடியைப் பார்க்கிறோம். சாரும் நானும் பதினோரு வருஷம் ஒரே அறையில் இருந்தோம். நான் கேட்டிருக்கலாம்.