ஜன்னலுக்குக் கீழே ஒரு ஹார்ன் பெட்டி

எனக்குக் காது கேட்காது என்று தெருவில் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வந்த ஒரு காய்ச்சலுக்குப் பிறகு மெல்லிய சத்தங்கள் என்னை விட்டுப் போய்விட்டன. குக்கர் விசில், குருவி, கொலுசு எதுவும் கேட்காது. கனத்த சத்தங்கள் மட்டும் தங்கிவிட்டன. லாரி வருவது தெரியும், இடி தெரியும். சீசன் நேரத்தில் குற்றாலத்தில் மெயின் அருவிக்குப் பக்கத்தில் போய் நின்றால் எல்லோரையும் போல எனக்கும் கேட்கும். காதில் கருவியை மாட்டிக்கொண்டு எதிரில் இருப்பவரின் உதட்டையும் பார்த்தால் பேச்சு பிடிபட்டுவிடும். பாட்டுதான் பிடிபடாது. டிவியில் பாடுகிறவர்கள் எனக்கு வெறுமனே வாயசைக்கிறவர்கள்.

ஆனால் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ரேடியோ செட் போடுவார்கள் இல்லையா, ஆள் உயரப் பெட்டிகளை அடுக்கி? அதில் ஒன்றின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பேன். தவில் கை வழியாக ஏறி நெஞ்சுக்கு வரும். சின்ன வயதில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணமாகி மேலகரத்துக்கு வந்த பிறகும் நின்றேன். என் கணவர் போலீஸ்காரர். ஒரு கொடையன்று பந்தோபஸ்தில் இருந்தவர் என்னிடம் வந்து, முகத்துக்கு நேராக, மெதுவாகச் சொன்னார்.

"போலீஸ்காரன் பொண்டாட்டி ஸ்பீக்கரக் கட்டிப்பிடிச்சிட்டு நிக்கான்னு சிரிக்கானுவ. வீட்டுக்குப் போடி."

எனக்குக் கோபம் வரவில்லை. அவர் முகம்தான் வாடிப் போயிருந்தது. வீட்டுக்கு நடந்து வரும்போது, இதை வீட்டிலேயே வைத்துக்கொண்டால் என்ன என்று தோன்றியது.

எங்கள் வீடு சின்னது. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, அடுப்படி, அவ்வளவுதான். ஹாலில்தான் என் தையல் மெஷினும் இருக்கிறது. பெரும்பாலும் ஜாக்கெட் தைக்கிறேன். ஒரு பக்கச் சுவர் அடுத்த வீட்டுக்கும் பொது. கனத்த சத்தத்துக்கென்றே டிவியோடு சேர்த்துக் கடையில் விற்கிற சின்ன சப்வூஃபர் ஒன்றை முதலில் வாங்கிப் பார்த்தோம். அது உறுமியதே தவிர, உடம்புக்கு எதுவும் வந்து சேரவில்லை. அதன் பிறகுதான் போனில் தேட ஆரம்பித்தேன். ஸ்பீக்கர் பெட்டிகளைத் தாங்களே செய்துகொள்கிறவர்களின் குழு ஒன்று கிடைத்தது. அங்கே எழுதித்தான் பேசுவார்கள் என்பதால் எனக்கு வசதி. ஹார்ன் பெட்டி என்ற ஒன்றைப் பற்றி அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

பெட்டிக்குள் ஒரு ஓரத்தில் ஸ்பீக்கர் ஒளிந்திருக்கும். அங்கிருந்து சத்தம் வெளியே வர ஒரு நீண்ட பாதை. தொடக்கத்தில் குறுகல், போகப் போக அகலம். நாதஸ்வரத்தை நினைத்துக்கொள்ளலாம். அவ்வளவு பெரிய நாதஸ்வரத்தை நீட்டி வைக்க இடம் கிடையாது என்பதால் பெட்டிக்குள்ளேயே மடித்து மடித்து வைத்திருப்பார்கள். கொஞ்சம் கரண்ட் கொடுத்தாலே தரை அதிரும். நான் கண்டெடுத்த வரைபடம் மேடைக் கச்சேரிக்கானது. பீரோவை விடப் பெரியது.

என் கணவர் கையை விரித்து அளந்து பார்த்தார். "இது உள்ள வந்துச்சுன்னா நாம ரெண்டு பேரும் ஸ்டேஷன்லதான் போய்ப் படுக்கணும்" என்றார்.

அதனால் எல்லா அளவையும் பாதியாக்கினேன். பெரியவர் சட்டையைப் பிள்ளைக்குக் குறைத்து வெட்டுவது போல என்று நினைத்துக்கொண்டேன். தென்காசியில் கதவு செய்கிற தச்சர் ஒருவரிடம் வரைபடத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன தாயி இது, கோழிக்கூடா? உள்ள போற கோழி வெளிய வர வழி தெரியாம சுத்திட்டுல்லா கிடக்கும்!"

"கோழி இல்ல அண்ணாச்சி. சத்தம்."

"சத்தமா? சரி, அதாச்சும் வழி கண்டுபிடிச்சு வந்தாச் சரிதான்."

செய்து கொடுத்தார். வீட்டில் வைத்துப் பாட்டைப் போட்டோம். தச்சர் தலையாட்டி நல்லாயிருக்கு என்றார். என் கணவரும் அதையே சொன்னார். எனக்குத் தொப் தொப் என்று ஏதோ மூட்டையைத் தட்டுவது போல மட்டும் வந்தது. எனக்கு வேண்டிய அந்த அடியாழத்துச் சத்தம் அதில் இல்லவே இல்லை. குழுவில் கேட்டபோது, பாதையைச் சுருக்கினால் ஆழத்துச் சத்தம் முதலில் போய்விடும் என்று பதில் வந்தது. எனக்கு எது மட்டும் கேட்குமோ அதைத்தான் நானே வெட்டி எறிந்திருக்கிறேன். கொஞ்ச நாள் அந்தப் பெட்டியின் மேல் துணி விரித்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு நாள் ஜாக்கெட் துணி ஒன்று அகலம் பற்றாமல் வந்தது. துணி பற்றவில்லை என்பதற்காக யாரும் ஜாக்கெட்டைச் சின்னதாகத் தைப்பதில்லை. துண்டுகளை வேறு மாதிரி திருப்பிப் போட்டு, ஒட்டுக் கொடுத்து, அதே அளவைக் கொண்டுவந்துவிடுவோம். கத்திரியைக் கீழே வைத்துவிட்டுப் பழைய வரைபடத்தை எடுத்தேன். பாதையின் நீளம் அப்படியே இருக்கட்டும். எந்த இடத்தில் எவ்வளவு விரிய வேண்டுமோ அதுவும் இருக்கட்டும். மடிப்பை மட்டும் மாற்றினால் போதுமே?

காக்கிக் காகிதத்தில் பாதையைத் துண்டு துண்டாக வெட்டி ஹால் தரையில் பரப்பினேன். நிற்கிற பெட்டியைப் படுக்க வைத்தால், ஜன்னலுக்குக் கீழே சுவர் நீளத்துக்கும் ஒரு பெஞ்ச் உயரத்துக்கும் அடங்கியது. சத்தம் வெளியே வருகிற வாய்ப்பக்கம்தான் இடித்தது. அது பெரியதாக விரிய வேண்டும், அதற்கு இடமில்லை. எந்த ஊர்க்காரரோ, குழுவில் ஒருவர் வழி சொன்னார். வாயை அறையின் மூலையைப் பார்த்துத் திருப்பி வைத்தால் இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து மிச்ச ஹார்னாகிவிடும், வாயைக் குறைத்துக்கொள்ளலாம் என்றார்.

அந்த மூலையில் பீரோ நின்றது.

"பீரோ எங்கன போவும்?" என்றார் என் கணவர்.

"பெட்ரூமுக்கு."

"அங்கன கட்டிலு கிடக்குல்லா?"

"கட்டிலத் திருப்பிப் போடுவோம்."

"அப்பம் ஜன்னலத் திறக்க முடியாது."

"ஒரு கதவத் திறக்கலாம்."

அவர் என்னையும் தரையில் கிடந்த காகிதங்களையும் மாறி மாறிப் பார்த்தார். அடுத்த வார ஓய்வு நாளில், நான் கேட்காமலே, பீரோவிலிருந்த துணிகளையெல்லாம் எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டு அதைத் தள்ள ஆரம்பித்தார்.

தச்சர் இரண்டாவது பெட்டியைக் கொஞ்சம் மரியாதையோடுதான் செய்தார். மூட்டுகளில் காற்றுக் கசிந்தால் சத்தம் கெட்டுவிடும். கசிவு சீறுவது என் காதுக்கு எட்டாது என்பதால், ஸ்பீக்கரை மெதுவாக ஓடவிட்டு, ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி எல்லா மூட்டின் ஓரத்திலும் பிடித்துக்கொண்டு போனேன். ஒரு இடத்தில் புகை துடித்தது. "அட, கண்ணாலயே பிடிச்சிட்டியே தாயி!" என்று அந்த இடத்தில் பசை விட்டு அடைத்தார். மேலே மெத்தை போட்டதும் பார்ப்பதற்குச் சாதாரண பெஞ்சாகிவிட்டது.

அவர் போன பிறகு, நான் மட்டும் இருந்த ஒரு மத்தியான நேரத்தில், நாதஸ்வரக் கச்சேரி ஒன்றைப் போட்டுவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தேன். தவிலில் கனத்த சத்தம் வரும் தொப்பிப் பக்கத்து அடி தொடையில் ஏறி, முதுகெலும்பு வழியாக மேலே வந்தது. ஒவ்வொரு அடியும் தனித்தனியாகத் தெரிந்தது. அடி விழாத இடம் கூடத் தெரிந்தது. நானாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ, ஜன்னலில் ஒரு கை வேகமாக ஆடியதைப் பார்த்துத்தான் திடுக்கிட்டேன்.

அடுத்த வீட்டுப் பெண். தென்காசியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ராத்திரி டியூட்டி பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவள். வாசுதேவநல்லூரிலிருந்து வந்து குடியேறி ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. பார்த்தால் சிரிப்போம், அவ்வளவுதான். கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு ஜன்னலுக்கு வந்திருக்கிறாள். கதவைத் திறந்தேன்.

"யக்கா, என்னத்த செய்யுதீங்க? வீடே கிடுகிடுங்குது!"

"மெதுவாத்தான வச்சிருக்கேன்?"

"பாட்டு சத்தம் இல்லக்கா. உங்க வீட்டுப் பாத்திரம் பூரா கலகலன்னு அடிக்கு. ஜன்னலு படபடங்குது. எங்க வீட்டு ஷெல்புல டம்ளரு நடந்து போவுது."

எனக்குச் சுருக்கென்றது. அவள் சொன்ன எதுவும் எனக்குக் கேட்கவில்லை. சுற்றிலும் வீடே அலறிக்கொண்டிருக்க, நடுவில் நான் சுத்தமான தவில் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஓடிப்போய் நிறுத்தினேன். "எனக்கு அது கேக்காதும்மா. தெரிஞ்சா இப்படி வைப்பேனா?" என்றேன்.

அவள் பெஞ்சைப் பார்த்தாள். குனிந்து அதன் வாய்க்குள் எட்டிப் பார்த்தாள்.

"இத நீங்களா செஞ்சீங்க?"

தலையாட்டினேன்.

"திரும்பப் போடுங்க. எங்கன அடிக்குன்னு நான் பாக்கேன்."

தூக்கம் கெட்டு வந்தவள், நைட்டிக்கு மேல் போட்ட துண்டை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றினாள். ஒவ்வொன்றின் மேலும் கையை வைத்து அமுக்குவாள். சத்தம் நின்றால் என் பக்கம் திரும்பித் தலையசைப்பாள். நான் ஜாக்கெட்டுக்கு வைத்திருக்கும் ஸ்பாஞ்சை வெட்டி அங்கே செருகுவேன். தட்டு ஸ்டாண்டு அடங்கியது. ஜன்னல் கதவு அடங்கியது. சாமி படங்களின் பின்னால் ஆளுக்கொரு துண்டு வைத்தோம். ஒன்று மட்டும் பிடிபடவே இல்லை. அவள் காதைச் சாய்த்துக்கொண்டு ஹாலைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கடைசியில் என் தையல் மெஷினின் டிராயரை இழுத்தாள். உள்ளே நூல் சுற்றிய அத்தனை பாபின்களும் குதித்துக்கொண்டிருந்தன. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை.

பிறகு அவள் வீட்டுக்குப் போனோம். டம்ளர்களுக்கு அடியில் துணி விரித்தோம். பெஞ்சைப் பொதுச் சுவரிலிருந்து ஒரு விரல் இடைவெளி தள்ளி வைத்து, கால்களுக்கு அடியில் ரப்பர் கொடுத்தேன். அவள் தன் வீட்டில் படுத்துப் பார்த்து, தொந்தரவில்லை என்று சொன்ன அளவில் ஆம்ப்ளிஃபையர் குமிழில் தையல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். அவள் எழுந்து வாசல் கதவைத் திறந்த பிறகுதான் பாட்டு என்றும் பேசிக்கொண்டோம். சத்தம் அவ்வளவு குறைந்தும் உடம்புக்குக் குறையவில்லை. உட்கார்ந்திருக்கும் பலகைக்கு அடியிலேயே அல்லவா பாதை ஓடுகிறது?

புது டிசைன் ஜாக்கெட் என்றால் இப்போது அவளுக்குத்தான் முதலில் தைக்கிறேன். ஏதாவது புதிதாகக் கலகலத்தால் அவளே வந்து சொல்லிவிடுவாள். "யக்கா, கேலண்டரு ஆணி" என்று ஜன்னலிலேயே சைகை காட்டிவிட்டுப் போகிற நாளும் உண்டு.

சாரல் பிடித்த ஒரு சாயங்காலம், நாதஸ்வரக் கச்சேரியைப் போட்டுவிட்டுப் பெஞ்சில் இருந்தேன். அருவியில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் டியூட்டி முடிந்து என் கணவர் நனைந்து வந்தார். தலையைத் துவட்டிக்கொண்டே என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் நாங்கள் சேர்ந்து பாட்டுக் கேட்டதே கிடையாது. டிவியில் யாராவது பாடினால் என்ன பாடுகிறார்கள் என்று அவர்தான் எனக்குச் சொல்லுவார். அன்றைக்கு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"எனக்கு நாதஸ்வரம்தான் கேக்குது. அடியில என்னமோ ஓடுதே, அத எப்படிப் பிடிக்கது?"

அவருடைய முழங்காலில் தட்டிக் காட்டினேன். அவர் என் முழங்காலில் திருப்பித் தட்டினார். தப்பாகத் தட்டினார். இன்னொரு தடவை காட்டினேன். மறுபடியும் தப்பு.

"கொஞ்சம் பொறுத்து அடிங்க. வரட்டும்" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பெஞ்சின் விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டார். அடுத்த அடி இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வந்தது.