ஐந்து ஹெச்.பி. போதும்

பெரிய போட்டுக்குக் கையெழுத்துப் போட மூத்தார் கிளம்பிய காலையில் நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். மூத்தார் என்றால் என் கணவரின் அண்ணன். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் செய்யத் துணியாத காரியம் அது.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கப்பலேறி போர்ட் பிளேர் வந்து, லம்பா லைனில் தகரக் கூரை போட்டுக் குடியிருந்தோம். அண்ணனும் தம்பியும் அடுத்தவர் டுங்கியில் கூலிக்குத் துடுப்புப் போட்டார்கள். சின்னப் படகை இங்கே எல்லோரும் டுங்கி என்றுதான் சொல்வார்கள். மீன் விற்பது என் வேலை. அறுபதுகளின் கடைசியில் மீனவக் குடும்பங்களுக்கு சர்க்காரில் மோட்டார் போட் கொடுக்கிறார்கள் என்று சேதி வந்தது. குடும்பத்துக்கு ஒரே போட், ஒரே தடவை. ஒரு வருஷத்துக்குள் அதை வைத்துப் பிழைத்துக் காட்டாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். எடுத்தால் எங்களுக்கு மெயின்லேண்ட் கப்பல்தான். ஊர் வீட்டையும் விற்றுவிட்டு வந்தவர்கள் நாங்கள். திரும்பிப் போனால் யார் வாசலில் போய் நிற்பது?

இரண்டு போட்

ஜெட்டி என்கிற படகுத்துறையில் கிடந்த இரண்டில் ஒன்று முப்பதடி. தண்ணீருக்குள் ஆழமாக இறங்கும் கீல் என்கிற அடிக்கட்டை, உள்ளேயே இருபது ஹெச்.பி. டீசல் இன்ஜின். மற்றது அதில் பாதியைவிடச் சற்று அதிக நீளம், தட்டை அடி, பின்பலகையில் மாட்டுகிற ஐந்து ஹெச்.பி. அவுட்போர்டு மோட்டார். மூத்தாருக்குப் பெரியதைப் பார்த்ததுமே மனசு அதில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

"ஊர்க் கடல்ல வள்ளம் ஓட்டுனவன் நான். அந்தச் சொப்புப் போட்டுல ஏறுனா பாக்குறவன் சிரிப்பான்" என்றார்.

"அத்தான், நாம வலை போடுத எடம் பே. அதுக்குள்ள தண்ணி எவ்வளவு வத்துதுன்னு நான் நடந்து பாத்திருக்கேன்."

"கடல்ல நடந்தாளாம்! ஏலே தம்பி, ஒன் பொண்டாட்டி சொல்லுதத கேட்டியா?"

என் கணவர் கூரையைப் பார்த்தார். அண்ணனுக்கும் மனைவிக்கும் நடுவில் மாட்டினால் அவர் கூரையைத்தான் பார்ப்பார்.

கரைக்குள் நுழைந்து கிடக்கிற கடலைத்தான் இங்கே பே என்பார்கள். நான் சொன்னது பொய்யில்லை. எங்கள் ஊரில் கடல் வற்றுக்கும் பெருக்குக்கும் வித்தியாசம் முழங்கால் அளவுதான். யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. இங்கே தண்ணீர் ஆள் உயரத்துக்கு ஏறி இறங்கும். வற்று நேரத்தில் நாங்கள் பெண்கள் கூடையோடு இறங்கிச் சிப்பி பொறுக்குவோம். தண்ணீருக்கடியில் எங்கே பாறைப் பார் கிடக்கிறது, எங்கே சேறு இழுக்கும் என்பதெல்லாம் என் காலுக்குத் தெரியும். ஆண்கள் போகிற டுங்கியோ எதன்மேலும் வழுக்கிக்கொண்டு போய்விடும். அடியில் என்ன இருக்கிறதென்று அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியே வரவில்லை.

என் வியாபாரமும் இதில்தான் இருந்தது. டெலானிபூர் மேட்டில் குவார்ட்டர்ஸ்காரர்கள் ஆபீஸ் கிளம்பும் முன் மீன் வாசலுக்கு வர வேண்டும். பிந்தினால் அன்றைக்குப் பருப்புதான் வைப்பார்கள். வற்று முடிகிறவரை வெளியே காத்துக் கிடக்கிற போட்டை வைத்துக்கொண்டு நான் யாருக்கு விற்பேன்?

அன்று வாசலில் மறித்தும் நிற்காமல் போன மூத்தாருக்குப் பின்னாலேயே ஜெட்டிக்குப் போனேன். ஆபீசர் மெயின்லேண்டிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். எங்கள் சண்டையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "டீக் ஹை, ட்ரையல் கர் லோ. இரண்டையும் ஓட்டிப் பாருங்கள்" என்றார். எந்த நாள் என்று நான்தான் சொன்னேன். அமாவாசை கழிந்து நாலைந்து நாள் போகட்டும் என்றேன். அப்போது விடிந்த கொஞ்ச நேரத்தில் பே வற்றிக் கிடக்கும். மூத்தார் ஏன் அந்த நாள் என்று கேட்கவே இல்லை.

ட்ரையல்

விடியும் முன்பே மூத்தார் ஆபீசரைப் பெரிய போட்டில் ஏற்றிக்கொண்டு படபடவென்று போனார். என் கணவர் பக்கத்து வீட்டுக்காரரோடு சின்னதில் போனார். பே வாயில் இரண்டு பேருக்கும் நல்ல மீன்பாடு.

வெளிச்சம் வந்தபோது பெரிய போட்தான் முதலில் திரும்பியது. கரையில் நின்றவர்கள் கை தட்டினார்கள். ஒருவேளை நான்தான் தப்போ? அந்த நினைப்பு முடிவதற்குள் கரகரவென்று ஒரு சத்தம். போட் பாரில் ஏறி, ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது.

மூத்தார் இன்ஜினை முன்னும் பின்னும் உறுமவிட்டார். புகைதான் வந்தது. பின்னாலேயே வந்த என் கணவர் மோட்டாரைத் தூக்கிச் சாய்த்துவிட்டு, கம்பால் ஊன்றி, அவர்களைத் தாண்டிக் கரைக்கே வந்துவிட்டார். தாண்டும்போது அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. நல்ல மனுஷன்.

நான் கூடையை நிரப்பித் தலையில் வைத்துக்கொண்டேன். போகிற வழியில், வேண்டுமென்றேதான், தண்ணீருக்குள் இறங்கிப் பெரிய போட் வரைக்கும் நடந்தேன். என் முழங்கால்கூட நனையவில்லை.

ஆபீசர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். "அரே பஹன்ஜி, பானி கஹாங் கயா?" தண்ணீர் எங்கே போயிற்று என்று என்னிடம் கேட்கிறார்!

"வந்துரும் சாப். நான் மீன வித்துட்டு வந்துருதேன்."

டெலானிபூரில் கூடை காலியாகிவிட்டது. திரும்பி வரும்போது கெட்டிலில் சாயா வாங்கி வந்தேன். போட் இன்னும் சாய்ந்தே கிடந்தது. அவர்கள் பிடித்த மீனுக்கு வெயில் ஏறியிருந்தது. மூத்தார் சாயாவை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "சின்னதையே எடுத்துருவோம்ட்டி" என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

ஆனாலும் ஆசை விடவில்லை. "மோட்டாராவது பத்து ஹெச்.பி.யா மாட்டுவோம்" என்றார். மாட்டிப் பார்த்தோம். அந்தக் கனத்துக்குப் பின்பக்கம் அமுங்கி, வேகத்தைக் குறைத்ததும் அலை பின்பலகைக்கு மேலேயே உள்ளே வந்தது. மூத்தார் தானே கழற்றி வைத்துவிட்டார். ஐந்தை ஒரு ஆள் தோளில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவரலாம்.

பெரிய போட்டைக் குறை சொல்ல மாட்டேன். ஹட் பே வரைக்கும் போய் வெளிக்கடலில் தொழில் செய்த ஒரு கூட்டத்தார் அதை வாங்கி நன்றாகவே வாழ்ந்தார்கள். எங்களுக்கு வருஷம் முடிந்தது. போட் எங்கள் பெயருக்கே வந்தது. மெயின்லேண்ட் கப்பல் எங்களை விட்டுவிட்டுப் போனது.

அதற்கப்புறம் புதிதாகக் குடியேறுகிறவர்கள் எந்த போட், எத்தனை ஹெச்.பி. என்று மூத்தாரிடம்தான் கேட்டு வருவார்கள். அவர் வீட்டுக்குள் பார்த்து என்னைக் கூப்பிடுவார். நான் சொன்னது எப்போதும் ஒன்றுதான். போட்டைப் பார்க்க ஜெட்டிக்குப் போகாதீர்கள். முதலில் வற்று நேரத்தில் பேயில் இறங்கி நடந்துவிட்டு வாருங்கள். வந்தவர்கள் சிரிப்பார்கள். மூத்தார் சிரிக்க மாட்டார்.

"சொல்லுதால்லா? எறங்கி நடங்கடே" என்பார்.