செருப்பு வட்டமும் ஒரு பாட்டும்

மார்ச் 8, சனி. ஐந்தரைக்கு எழுந்தேன். கடற்கரைச் சாலையில் இரண்டு நடை. ஏழுக்குக் காபி. பத்தேகாலுக்குப் பாரிசிலிருந்து நண்பன் அந்துவானின் பார்சல்.

உள்ளே எட்டுச் சின்ன இசைத்தட்டுகள். அறுபதுகளில் கனவில் நடப்பதுபோல் கிட்டார் வாசித்த ஒரு ராக் குழுவின் முதல் பாட்டுகள், ஆண்டுவிழா மறுபதிப்பு. முகர்ந்தேன். புது அட்டையின் மணம்தான். எனக்கு மட்டும் ஸ்பிரிட் மணந்தது.

பத்தொன்பது வயதில் கேசட் கடையில் வேலை பார்த்தேன். டேப்ரிக்கார்டர் தலையை ஸ்பிரிட்டால் துடைத்து, கேட்ட பாட்டைப் பதிந்து, அட்டையில் முத்து முத்தாகப் பேர் எழுதித் தருவேன். என் பதிவில் பிழையே இருக்காது என்பார் முதலாளி. உங்களிடம் சொல்வதற்கென்ன, நான் அதைவிட அதிகமாகவே சொல்லிக்கொள்வேன். அங்கே பழக்கமானவன்தான் அந்துவான். அவன் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா. அவர் பெட்டியிலிருந்து இந்தக் குழுவின் தட்டு ஒன்றைத் தூக்கிவந்தான். அதன் நடு ஓட்டை பெரியது. எங்கள் பிளேயரில் நிற்கவில்லை. அரைமணி நேரம் ஒரு ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டிப் பொருத்திப் பதிந்தேன்.

வைத்திக்குப்பம் மணலில், படகு நிழலில் அதைக் கேட்போம். பாட்டு மெல்ல வந்து மெல்லத் திரும்பும். பாடுகிறவன் கடலடியிலிருந்து கூப்பிடுவான்.

கருவாடு காயவைத்த அக்கா ஒருநாள் கேட்டார்: "இன்னாடா, பாடறவன் சோறு துன்னலையா?"

"ஒனக்குப் புரியாதுக்கா" என்றான் அந்துவான். அவன் பிரான்சுக்குப் போனபோது கேசட்டும் போயிற்று.

இன்று மதியம் அந்துவான் போன் செய்தான். "டேய், எனக்கும் ஒரு செட்டு வாங்கிப் போட்டுப் பாத்தேன். நம்ம பாட்ட கெடுத்துட்டானுங்கடா! தொரத்துன கோழியாட்டம் ஓடுது. நம்ம கேசட்டும் அறுந்துபோச்சு. கம்பெனிக்கு லெட்டர் எழுதிட்டேன், திங்கக்கெழம போடறேன்."

அந்தக் காலத்தில் கேசட் கடையை இழுத்து மூடியபோது முதலாளியிடம் வாங்கிவந்த பிளேயரில் தட்டை வைத்தேன். செருப்பு வட்டம் அதிலேயே இருந்தது. பாட்டு பழையபடியே மெல்ல வந்தது. தட்டில் நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்று என்று அச்சிட்டிருந்தது. பிளேயரின் வேக விசை முப்பத்துமூன்றில் நின்றது. அன்றும் அங்கேதான் நின்றிருக்கும். ஓட்டையைப் பார்த்தவன் வேகத்தைப் பார்க்கவில்லை.

சொல்லாவிட்டால் அவன் மானம் போகும். சொன்னால் எங்கள் பாட்டு போகும். கூப்பிட்டேன்.

"லெட்டர் போடாதடா. நான்தான் மெதுவா ஓட்டிட்டேன்."

அவன் கேட்டான்: "அப்ப நாம கேட்டத ஒலகத்துல எவனும் கேக்கலையா?"

"அந்தக்கா கேட்டாங்க."

சிரித்தான். பிறகு, "அது போச்சாடா?" என்றான்.

கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். நாங்கள் உட்கார்ந்த மணலைக் கடல் கொண்டுபோய்விட்டது, கருங்கல் கொட்டியிருக்கிறார்கள்.

மார்ச் 9, ஞாயிறு. எழுந்ததும், நடைக்குப் போகுமுன், தட்டை வைத்து விசையை முப்பத்துமூன்றுக்குத் தள்ளினேன். போனில் பதிந்து அந்துவானுக்கு அனுப்பினேன். பாட்டின் பேரை எழுதி, இம்முறை பக்கத்தில் வேகத்தையும் குறித்தேன்.