பார்ட் வரணும்

வெங்காய ஏலம் ஓடிக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி வீட்டு மதினி போன் செய்தார். "ஒங்க அண்ணாச்சி போயிட்டாவ" என்றார். படுக்கையில் கிடந்தவர்தான், எதிர்பார்த்ததுதான். இருந்தும் அதுவரை கூறிக்கொண்டிருந்த விலை எனக்கு மறந்துபோனது. பாவூர்சத்திரம் சந்தையில் செல்லத்துரை அண்ணாச்சியின் கமிஷன் கடைக்கு அடுத்த கடை என்னுடையது. அவரைச் சந்தைக்காரர்கள் உங்கள் எல்லோருக்கும் தெரியும். அவருடைய மோட்டார் சைக்கிளையும் தெரியும்.

அவருக்கு இடது கையில் பிடி குறையத் தொடங்கியபோது, சுகராக இருக்கும் என்றோம். கிளட்ச் லீவரை அமுக்கவே சிரமப்பட்டார். கியர் இல்லாத ஸ்கூட்டர் வாங்கச் சொன்னேன். "அதுக்கு நான் பஸ்லயே வந்துருவேம்லே" என்றார். பிடிவாதக்காரர். பழைய கேபிளைக் கழற்றிவிட்டு, ஆயிலில் வேலை செய்யும் ஹைட்ராலிக் கிளட்ச் செட் ஒன்றை வெளியூரிலிருந்து வரவழைத்து மாட்டினார். வண்டிக் கம்பெனியின் சாமான் அல்ல. லீவர் லேசாக இறங்கும், கைக்கு வேலையே இருக்காது என்று சொல்லி விற்றிருந்தார்கள்.

சாரல் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஐந்தருவிக்குப் போனோம். பழக்கடை ஓரம் எஞ்சினை அணைக்காமல், கியரிலேயே கிளட்சைப் பிடித்தபடி நிறுத்தினார். நின்ற வண்டி தானாகத் துள்ளி மங்குஸ்தான் கூடையில் ஏறியது. கடைக்காரம்மாவின் ஏச்சு அருவிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

மறுநாள் கடையில் வைத்துப் பார்த்தோம். ஆயில் போகும் குழாயில் காற்று தங்கிவிட்டால், எவ்வளவு அமுக்கினாலும் கிளட்ச் முழுசாக விடாது. நான் லீவரை அமுக்க, அவர் கீழே குந்தி, வலது கையால் காற்றை வெளியேற்றும் திருகைத் திறந்து மூடினார். மாட்டியிருந்த டியூபில் குமிழி குமிழியாக வந்தது. ஒவ்வொரு குமிழிக்கும் அவர் முகம் தெளிந்தது. "பாத்தியாலே, காத்துதான். கையில ஒண்ணுமில்ல."

ஒரு வாரம்கூட ஆகவில்லை, வண்டி மறுபடி துள்ளியது. மறுபடி திருகைத் திறந்தோம். குமிழி ஒன்றுகூட வரவில்லை. வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிக் கியரில் போட்டேன். நான் லீவரைப் பிடித்தேன், அவர் பின்சக்கரத்தைச் சுற்றினார், தாராளமாகச் சுற்றியது. பிறகு அவர் பிடித்தார், நான் சுற்றினேன். சக்கரம் அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை பிடித்தார். லீவர் பாதியிலேயே நின்றது.

துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, "வண்டி நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு, "ஒங்க மதினிட்ட கிளட்ச்சுன்னே சொல்லு. பார்ட் வரணும்னு சொல்லு" என்றார்.

அதன் பிறகு தென்காசி வீட்டிலிருந்து பஸ்ஸில்தான் சந்தைக்கு வந்தார். வண்டி கடைக்குள் நின்றது. பார்ட் வந்துவிட்டதா என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் "வரணும்" என்பார். அந்தக் கிளட்ச் செட்டை நீங்கள் திட்டியபோது நானும் சேர்ந்து திட்டினேன். நரம்பு நோய் என்று டாக்டர்கள் சொன்னது பிற்பாடு. கை, கால், கடைசியில் மூச்சு என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டது. இனிச் சொன்னால் அவர் கோபிக்கமாட்டார். அந்தச் செட்டில் ஒரு குறையும் இல்லை.

காரியம் முடிந்ததும் மதினி வண்டிச் சாவியை என்னிடம் தந்தார். "பார்ட் வராதுன்னு எனக்கும் தெரியும் தம்பி. அவுக சொல்லட்டும்னு இருந்தேன்" என்றார்.

வண்டி இனி என்னிடம்தான் இருக்கும். நேற்று ஐந்தருவிக்கு ஓட்டிப் போனேன். அதே பழக்கடை ஓரம் கியரிலேயே கிளட்சைப் பிடித்து நிறுத்தினேன். இரண்டு விரலே போதுமாக இருந்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை துள்ளிவிடாதா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. வண்டி அசையாமல் நின்றது.