ஓர்ப்படியின் கொல்லை

அமெரிக்காவில் முதன்முதலாகக் காட்டை அழித்துக் குடியேறியவர்களைப் பற்றி என் மகள் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறாள். புருஷன், பெண்டாட்டி, நாலு பிள்ளைகள், கூண்டு வண்டி, கோடாலி என்று புத்தகத்தில் படம் போட்டிருக்கிறது. அதைக் காட்டி, "எவ்ளோ தெகிரியம் பாரும்மா" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வண்டி கட்டிக்கொண்டு போனவர்களுக்கு என்ன பெரிய தைரியம்? என் ஓர்ப்படி, அதாவது என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி, ஒரு கடப்பாரையும் ஒரு கூடையும் எடுத்துக்கொண்டு போனாள். இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை, வயிற்றில் ஒரு பிள்ளை. அவளை எந்தப் புத்தகத்திலும் போடவில்லை. போட்டிருந்தால் அந்தப் பக்கத்தை நானே கிழித்திருப்பேன், அது வேறு விஷயம்.

திருப்புலிவனத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு மேடு இருந்தது. சப்பாத்திக்கள்ளியும் சூரைமுள்ளும் மண்டிக் கிடந்த சர்க்கார் புறம்போக்கு. எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் சொந்தமாகக் கையகல நிலம் கிடையாது. நிலம் வைத்திருந்தவர்களின் கழனியில் நாற்று நட்டு, களை பறித்துப் பிழைத்தோம். ஐம்பதுகளின் பின்பாதியில் ஒரு சித்திரை மாதம் ஓர்ப்படி தன் புருஷனிடம், "நாம போயி அந்த மேட்ல குந்திக்கினா இன்னா?" என்று கேட்டாள். அடுத்த வாரமே பனையோலையில் ஒரு குடிசை போட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

ஊரே சிரித்தது. எல்லாரையும்விட நான்தான் சத்தமாகச் சிரித்தேன். "பாம்பு புடுங்கினா ஆரு தூக்கினு வருவாங்கக்கா?" என்று கேட்டேன். "வவுத்துக்கு இல்லாம சாவறதுக்கு பாம்பு புடுங்கி சாவறது மேலுமே" என்று சொல்லிவிட்டு முள்ளை வெட்டப் போனாள்.

வெட்டினார்கள், கொளுத்தினார்கள், வேரைத் தோண்டினார்கள். அவள் கையெல்லாம் முள் ஏறிச் சீழ் பிடித்துக் கிடந்தது. ஆடிப் பட்டத்தில் வேர்க்கடலை போட்டார்கள். கன்னி நிலமாயிற்றே, செடிக்குச் செடி கொத்துக் கொத்தாகக் காய்த்தது. அதைப் பார்த்து என் வீட்டுக்காரருக்கும் ஆசை வந்து, பக்கத்திலேயே அரை ஏக்கர் திருத்தினார். அங்கே குடியேறலாம் என்றார். முள்ளில் குடித்தனம் பண்ண என்னால் ஆகாது என்று சொல்லிவிட்டேன். காலையில் போய்ப் பாடுபட்டுவிட்டுப் பொழுது சாய ஊருக்குத் திரும்பிவிடுவோம்.

எனக்கு வயிறு எரிய ஆரம்பித்தது அங்கேதான். இரண்டும் ஒரே மண், நடுவில் ஒரு வரப்புதான். புன்செய் நிலத்தை எங்கள் பக்கம் கொல்லை என்போம். அவள் கொல்லையில் செடி கறுகறுவென்று நின்றது. என் கொல்லையில் மஞ்சளடித்துக் கிடந்தது. அவள் வெட்டிய கிணற்றில் பத்து முழத்தில் தண்ணீர் வந்தது. அவள் குடிசைக் கூரைமேல் பரங்கிக்காய் காய்த்தது. வேலைக்கு நடுவில் நிமிர்ந்து நிமிர்ந்து அதை எண்ணிக்கொண்டிருப்பேன். பெரிசாகப் பார்த்து ஒன்றை எனக்கு அறுத்துக் கொடுப்பாள். குழம்பு வைத்துத் தின்றுவிட்டு, "தண்ணி காயி, ருசியே இல்ல" என்பேன்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் வேலை முடிந்து திரும்பும்போது என் வீட்டுக்காரர், "எங்க அண்ணி மாதிரி ஒரு பொம்பள இந்த சுத்துப்பட்டுல கீறாளா?" என்றார். கட்டினவள் பக்கத்தில் நடந்து வருகிறேன், தலையில் விறகுக் கட்டு. ஒரு வார்த்தை என்னைப் பற்றி வந்ததா? அன்றைக்குச் சோறு இறங்கவில்லை எனக்கு.

ஊர்க் கணக்குப்பிள்ளை வருஷா வருஷம் பயிர் பார்க்க வருவார். புறம்போக்கில் பயிர் இருக்கிறது என்று அவர் எழுதிவிட்டால் தாலுகா ஆபீஸிலிருந்து 'பி மெமோ' வரும். சர்க்கார் நிலத்தில் ஏன் இறங்கினாய் என்று அபராதம் போடுகிற காகிதம் அது. அதன் பேரைச் சொன்னாலே எங்கள் ஆட்களுக்குக் குலை நடுங்கும், குடிசையைப் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள் என்று. அதனால் அவர் வருவதற்கு முன்னாலேயே ஆளுக்கொரு கோழி போய்விடும். 'தரிசு' என்று எழுதிக்கொள்வார். நாங்களும் கொடுத்தோம், அவர்களும் கொடுத்தார்கள்.

என் வீட்டுக்காரர் அண்ணியைப் புகழ்ந்த அந்த வருஷம், யாருக்கும் தெரியாமல், என் முட்டைக்கோழியை மடியில் மறைத்து எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். "சாமி, எங்க மூத்தாரு குடும்பம் மேட்ல கெணறு வெட்டி, கடல போட்டு, வூடே கட்டிக்கினு கீறாங்க. நீங்க எய்தாம வுட்டா நாளைக்கு உங்களுக்குத்தான் பேஜாரு" என்றேன். எழுதாமல் இருக்கக் கோழி கொடுப்பார்கள். எழுதச் சொல்லிக் கோழி கொடுத்தவள் அந்தத் தாலுகாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்க கொல்லையும் பக்கத்துலதானே இருக்கு? அதையும் எழுதிடட்டுமா?"

"ஐயோ, எங்களுதுல ஒண்ணுமில்ல சாமி. சும்மா ஆடு மேயுது."

மெமோ வந்தது. தலையாரி அதைப் படித்துவிட்டு, யாரோ ஒரு பொம்பளை போய்ச் சொன்னாளாம் என்றபோது ஓர்ப்படி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். கிடேரிக் கன்றை வாலாஜாபாத் சந்தைக்கு ஓட்டிப்போய் விற்று அபராதம் கட்டினார்கள். "எந்தப் பாவி எய்த வெச்சாளோ, அவ வூடு வெளங்குமா?" என்று அவள் மண்ணை வாரித் தூற்றியபோது, நானும் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஒருமுறை ஏட்டில் ஏறினால் இறங்காதாம். வருஷா வருஷம் அவர்களுக்கு மெமோ வந்தது. ஆறு வருஷம் வந்தது. ஆனால் குடிசையைப் பிடுங்க யாரும் வரவில்லை. அவள் அழுதுகொண்டே கட்டினாள், ரசீதையெல்லாம் கூரையில் செருகி வைத்தாள். எங்கள் கொல்லை ஏட்டில் தரிசாகவே இருந்தது. ஆறு வருஷமும் அதில் நாங்கள் பயிர் வைத்துக்கொண்டுதான் இருந்தோம்.

அப்புறம் நிலமில்லாதவர்களுக்குப் புறம்போக்கைப் பட்டா போட்டுக் கொடுக்கப் போகிறார்கள் என்று தண்டோரா போட்டார்கள். தாசில்தார் பள்ளிக்கூடத்தில் மேஜை போட்டு உட்கார்ந்தார். மூத்தாரை, அதாவது என் வீட்டுக்காரருடைய அண்ணனைக் கூப்பிட்டு, "இத்தனை வருஷமா நீதான் பயிர் வைக்கிறேன்றதுக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டார். அவர் ஓர்ப்படியைத் திரும்பிப் பார்த்தார். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, புகை ஏறிப் பழுத்துப்போன ஆறு அபராத ரசீதையும் மேஜைமேல் வைத்தாள்.

"இதைவிட வேறென்ன வேணும்?" என்றார் தாசில்தார். எழுதச் சொல்லிவிட்டார்.

அடுத்தது என் வீட்டுக்காரர். "பக்கத்துக் கொல்ல எங்களுதுங்க" என்றார். ரசீது எங்கே என்று கேட்டார்கள். கணக்குப்பிள்ளை ஏட்டைப் புரட்டி, "தரிசு. ஆடு மேய்ச்சல்" என்று வாசித்தார். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. "என் கொயந்தனாருதான் பயிர் வெக்கிறாரு சாமி, நா சாட்சி" என்று ஓர்ப்படி முன்னால் போய் நின்று மன்றாடினாள். வாய்ச்சாட்சி செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். நாங்கள் திருத்திய அரை ஏக்கர் மாகறலிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்குப் போயிற்று.

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். "ஆடு மேயுதுன்னு எந்த நாய் சொல்லிச்சோ, தெரிஞ்சா வெட்டிப் போட்டுடுவேன்" என்றார்.

ஓர்ப்படி என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போய்த் தோளில் சாய்ந்து அழுதாள். "எங்களுது எய்த வெச்சாளே ஒருத்தி, அவள எவ்ளோ திட்டிக்கிறேன் தெரியுமாமே? அவ மட்டும் இல்லன்னா நாங்களும் உங்கள மாதிரி வெறுங்கையா நின்னுருப்போம். ஆருன்னு தெரிஞ்சா ஒரு பட்டுப் பொடவ எடுத்துக் குட்த்து கால்ல வுழுவேன். உனுக்குத் தெரியுமா, ஆருன்னு?"

"தெரியாதுக்கா" என்றேன்.

புருஷன் நிலம் போய் உட்கார்ந்திருக்கிறார். அந்த நேரத்திலும் பாருங்கள், அந்தப் புடவை என்ன நிறத்தில் எடுத்திருப்பாள் என்றுதான் என் மனசு போயிற்று.